ட்ரஸ்டி எலெக்சனை நிப்பாட்டிப்போட்டு அரசாங்கம் ஆள் போட்டா பள்ளிக்கூடம் திருந்துமோ?

மல்வேன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். 2025 ஜூன்ல ரொறன்ரோ பப்ளிக், ரொறன்ரோ கத்தோலிக்க, ஒட்டாவா, டஃபரின்-பீல் எண்டு நாலு பள்ளிக்கூடப் போர்டை கனடாவில ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் தன்ர கையில எடுத்து சூப்பர்வைசர் போட்டது தெரியும்தானே. பிறகு நவம்பர்ல பில் 33 எண்ட சட்டத்தைப் பாஸ் பண்ணி, இனி எந்தப் போர்டையும் இன்னும் லேசா எடுக்கலாம் எண்டு ஆக்கியாச்சு. கல்வி அமைச்சர் கலாண்ட்ரா, போர்டை நடத்த சனம் வோட் போட்டுத் தெரிவு செய்யிற ட்ரஸ்டி எண்ட பதவியையே தூக்குற கதை கதைக்கிறார். ரொறன்ரோவில நாங்கள் வோட் போட்டு அனுப்பின 22 பேரும் ஒண்டும் செய்ய ஏலாமல் இருக்க ஒரே ஒரு ஆள் எல்லாத்தையும் முடிவெடுக்கிறார். எனக்கு இது துண்டறப் பிடிக்கேல்லை.

மார்க்கம்_சிவா:
அக்கா கோவிக்காதேங்கோ, எனக்கு சரியாத்தான் படுது. பிரான்ட் ஹால்டிமண்ட் நோர்ஃபோக் கத்தோலிக்க போர்ட் ட்ரஸ்டிமார் நாலு பேர் 2024ல இத்தாலிக்குப் போய் பள்ளிக்கூடத்துக்கு எண்டு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலருக்கு சிலையும் படமும் வாங்கினவை, பயணச் செலவு வேற. வகுப்பில உதவியாளர் (ஈஏ) இல்லாமல் டீச்சர் தனிய அல்லாடுற காலத்தில இது தேவையோ? ரொறன்ரோவில 2022ல ஆர்ட்ஸ், சயன்ஸ் ஸ்பெஷல் புரோகிராமுக்கு ஓடிஷன், மார்க்ஸ் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு லாட்டரி எண்டு வோட் பண்ணினதும் இதே ட்ரஸ்டிமார்தான், சின்னனில இருந்து வயலின் பழகின பிள்ளைக்கு சீட்டுக் குலுக்கி இடம் குடுக்கிறது என்ன நியாயம்? 2022 தேர்தல்ல ரொறன்ரோவில 30 வீதம் கூட வோட் போடேல்லை, அதிலயும் மேயருக்குப் போட்டுட்டு ட்ரஸ்டி பெயரைப் பாத்து முழிக்கிற சனம்தான் கன பேர்.

ஓய்வு_வாத்தி:
தம்பி சிவா, இத்தாலிக் கதை வெக்கக்கேடுதான், அதில எனக்கும் உமக்கும் சண்டை இல்லை. ஆனா ஒன்ராறியோ லண்டன் பக்கத்து தேம்ஸ் வலி போர்டையும் எடுத்தவை என்ன, அங்க 2024ல ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்போல் ஸ்டேடியத்து ஹோட்டல்ல தங்கி 40 ஆயிரம் டாலர் அளவுக்கு செலவழிச்சது ட்ரஸ்டிமார் இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்யிற பெரிய அதிகாரிமார். தெரிவு செய்த ஆளை எடுத்துவிட்டா அவையைக் கேள்வி கேக்கிறதார்?

மற்றது காசு. 1997ல மைக் ஹரிஸ் அரசாங்கம் போர்டுகளை ஒண்டாக்கி, வீட்டு வரி வீதத்தைப் போர்ட் தீர்மானிக்கிற அதிகாரத்தையும் பறிச்சுப்போட்டுது. அதுக்குப் பிறகு எவ்வளவு காசு எண்டு சொல்லுறது குவீன்ஸ் பார்க்கில இருக்கிற மாகாண அரசாங்கம்தான். 2017ல இருந்து பள்ளிக்கூடம் மூடவும் தடை, ஆக்கள் பாதி கூட இல்லாத கட்டிடத்துக்கும் ஹீட்டிங் போட வேணும். வரவும் உன்ர கையில செலவும் உன்ர கையில, பிறகு பட்ஜெட் சரியில்லை எண்டு ட்ரஸ்டியில பழி. 2002லயும் ரொறன்ரோ, ஒட்டாவா, ஹமில்ற்றன் மூண்டையும் இப்பிடித்தான் எடுத்தவை, துண்டுவிழுற கதை இண்டைக்கும் முடியேல்லை.

கார்த்தி_ஸ்கார்பரோ:
சார், நான் சென்னைல இருந்து வந்தவன், நம்ம ஊர்ல ஸ்கூலுக்குன்னு தனியா எலெக்‌ஷனே கிடையாது, முதன்மைக் கல்வி அலுவலர் பாத்துக்குவாரு. இங்கயும் நோவா ஸ்கோஷியா 2018ல ஆங்கில போர்டு எல்லாத்தையும் கலைச்சிட்டு நியமன கவுன்சில் போட்டாங்க, கியூபெக் 2020ல பிரெஞ்சு போர்டுகள எடுத்துட்டு சர்வீஸ் சென்டர் ஆக்கிட்டாங்க, ஸ்கூல் நடக்காம நின்னு போச்சா? ஒரு தப்பு நடந்தா நேரா அமைச்சர கேக்கலாம், இப்ப போர்டு மாகாணத்த கை காட்டுது மாகாணம் போர்ட கை காட்டுது, பேரன்ட்ஸ் நடுவுல நிக்கிறோம்.

மல்வேன்_அம்மா:
கார்த்தி தம்பி, நோவா ஸ்கோஷியாவில அந்தப் போர்டுகளில கறுப்பின மக்களுக்கும் மிக்மாக் பூர்வகுடிகளுக்கும் எண்டு இருந்த இடமும் அதோட போச்சு. பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் நியமனத்துக்குப் போய் 2022ல திரும்ப எலெக்சனுக்கு வந்தது. நியூ பிரன்சுவிக் 1996ல கலைச்சு, 2001ல திரும்பத் தெரிவு செய்யத் தொடங்கினது. சரிவந்திருந்தா ஏன் திரும்பினவை?

அமைச்சரை நேர கேக்கலாம் எண்டுறியள், கேட்டுப் பாத்தனீங்களோ? என்ர மகனுக்கு ஓட்டிசம். ஸ்கூல் பஸ் வராமல் விட்டு நான் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு நிண்டனான், பிரின்சிபல் சூப்பரின்டென்டென்டிட்ட கேளுங்கோ எண்டார், அவர் ட்ரான்ஸ்போட்டேசனில கேளுங்கோ எண்டார். ட்ரஸ்டிக்கு போன் பண்ணினன், அந்தப் பிள்ளை அண்டைக்குப் பின்னேரமே திருப்பி எடுத்து, தமிழில கதைச்சு, எல்லாரையும் ஒரு கோலில கூப்பிட்டு இருத்திப்போட்டா. பஸ் வந்தது. பொதுக் கூட்டத்தில எழும்பிக் கதைக்கவும் பெயர் குடுக்கலாமா இருந்தது. இப்ப ஆரிட்டப் போறது?

மார்க்கம்_சிவா:
அதுக்குத்தானே அக்கா ஒவ்வொரு போர்டிலயும் குடும்பங்களுக்கு உதவி அலுவலகம் திறக்கச் சொல்லியிருக்கினம். ஒரு நல்ல ட்ரஸ்டி கிடைச்சது உங்கட அதிர்ஷ்டம், எல்லாத் தொகுதியிலயும் அப்பிடி ஆள் இல்லை.

ஓய்வு_வாத்தி:
அலுவலகத்தில இருக்கிறவருக்குச் சம்பளம் குடுக்கிறது போர்ட், அவர் போர்டுக்கு எதிரா எவ்வளவு தூரம் கதைப்பார்?

ஒருத்தரும் சொல்லாத ஒரு விசயம் இருக்கு. கத்தோலிக்க பள்ளிக்கூடங்களுக்கு 1867 அரசியலமைப்பில 93ஆம் பிரிவு பாதுகாப்பு, பிரெஞ்சுக்கு உரிமைச் சாசனத்தில சிறுபான்மை மொழிக் கல்விக்கான 23ஆம் பிரிவு. கியூபெக்கில ஆங்கில போர்டுகள் கோர்ட்டுக்குப் போய் எலெக்சனைக் காப்பாத்தினது அந்த 23ஐ வைச்சுத்தான். அப்ப ஒன்ராறியோவில அமைச்சர் பெரிசா வழக்கு இல்லாமல் தூக்கக்கூடியது ஆங்கில பப்ளிக் போர்ட் ட்ரஸ்டியைத்தான். எங்கட சைவப் பிள்ளையள், முஸ்லிம் பிள்ளையள், சீக்கியப் பிள்ளையள் கனபேர் படிக்கிறது அங்கதான். பக்கத்து வீட்டு கத்தோலிக்கத் தமிழ்ப் பெற்றாருக்கு வோட் இருக்கும், எங்களுக்கு இல்லையாம். இதை எந்த நியாயத்தில ஏற்கச் சொல்லுறீர்?

கார்த்தி_ஸ்கார்பரோ:
இது எனக்கு தெரியாது சார். எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும், ஒருத்தருக்கு மட்டும்னா தப்பு. ஆனாலும் 22 பேர் ரொம்ப அதிகம்னுதான் சொல்வேன், 12 போதும், ஆடிட்டர் வருஷா வருஷம் கணக்க வெளிய போடணும்.

மார்க்கம்_சிவா:
எண்ணிக்கையைக் குறைக்கிறதுக்கு நானும் ஓம். லாட்டரியை வோட் பண்ணின ஆக்களுக்குத் திரும்ப அதிகாரம் குடுக்கிறதுக்கு மட்டும் நான் ஓம் சொல்ல மாட்டன்.

மல்வேன்_அம்மா:
அப்ப 2026 அக்டோபர் 26 முனிசிபல் எலெக்சன்ல அவையைத் தோக்கடியுங்கோ சிவா, வேற ஆளை நிப்பாட்டுங்கோ, நான் வீடு வீடா வந்து நோட்டீஸ் தாறன். வருசத்துக்கு 3,50,000 டாலர் வரை சம்பளம் எடுக்கக்கூடிய சூப்பர்வைசர் ஒரு பிழை விட்டா அவரை நீங்கள் எப்பிடித் தோக்கடிப்பியள், அதைச் சொல்லுங்கோ.