பழைய ஹாட் டப்பில் ஹீட்டர் ரிலே போய்விட்டது, சனிக்கிழமைக்குள் உதவி தேவை

மேலகரத்தான்:
வணக்கம். எங்கள் விடுதியில் உள்ள பழைய ஹாட் டப்பில் தண்ணீர் சூடாகவில்லை. ஹீட்டருக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலே போய்விட்டது. எந்த ரிலே வாங்குவது, எப்படி மாற்றுவது? குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது, சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அவசரம்.

பாளை_வயர்மேன்:
ரிலேதான் என்று எப்படித் தெரியும்? சூடு வைத்ததும் 'டக்' சத்தம் வருகிறதா? ஹீட்டர் எத்தனை கிலோவாட்? ரிலே மேல் என்ன எழுதியிருக்கிறது?

வள்ளியூர்க்காரன்:
தண்ணீரைப் பாருங்கள் முதலில். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஹீட்டர் காயில் முழுக்க வெள்ளைப் பொருக்கு ஏறிவிடும். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அறுந்துபோகும். ரிலே மேல் பழி போடாதீர்கள்.

அம்பை_சாரல்:
எறும்பாக இருக்கும் அண்ணாச்சி. சாரல் விழுந்தால் பெட்டிக்குள் ஏறிவிடும். எங்கள் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில், மின்சாரம் பாயச் சேர்ந்து பிரியும் முனைகளான கான்டாக்ட் நடுவே நசுங்கிக் கிடந்தது. மூடியைத் திறந்து பாருங்கள்.

சால்டரிங்_முப்பது:
அறிகுறியைச் சொல்லாமல் நேராக முடிவைச் சொல்கிறீர்கள். இங்கே இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மீட்டர் பிடிக்கத் தெரியாதவர் 230 வோல்ட் பெட்டியைத் திறக்கவே கூடாது, அதுவும் மனிதர் இறங்கிக் குளிக்கும் தொட்டி. கான்டாக்ட் தீய்ந்திருந்தால் சாயங்கால லோ வோல்டேஜ்தான் காரணம். 180க்கு இறங்கினால் ரிலே படபடக்கும், ஒவ்வொரு முறையும் தீப்பொறி.

மேலகரத்தான்:
சத்தம் வருகிறது. 3 கிலோவாட். ரிலே மேல் 12 வோல்ட் டிசி, 30 ஆம்பியர் என்று இருக்கிறது. எலக்ட்ரீசியன் கூடவே இருக்கிறார்.

பாளை_வயர்மேன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 'டக்' கேட்கிறது என்றால் போர்டு உத்தரவு கொடுக்கிறது, ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருளான காயிலும் இழுக்கிறது. மிச்சம் கான்டாக்ட், இல்லை ஹீட்டர் எலிமென்ட். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு ஹீட்டர் வயர் இரண்டையும் கழற்றி ஓம் பாருங்கள். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், 17 அல்லது 18 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எலிமென்ட் அறுந்தது, ரிலே மாற்றிப் பயனில்லை. அப்படியே மின்கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் எலிமென்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே லீக் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது ரிலே காயில் 12 வோல்ட் டிசியாகவே இருக்கட்டும், கால்களின் அமைப்பும் அப்படியே பொருந்த வேண்டும். பழையதை ஈயம் முழுக்க உறிஞ்சிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும், போர்டே போய்விடும். வயர் நுனி கருகியிருந்தால் வெட்டிவிட்டு நுனியில் புது லக் (உலோக முனை) போடுங்கள். லூசான இணைப்புதான் பல ரிலேக்களைக் கொல்கிறது.

மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா?

அம்பை_சாரல்:
வள்ளியூரை வைத்து எல்லா ஊரையும் பேசக்கூடாது. தாமிரபரணித் தண்ணீர் காய்ச்சினால் எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் பொருக்கே பிடிப்பதில்லை.

வள்ளியூர்க்காரன்:
மேலகரத்துக்கு ஏது தாமிரபரணி? அது சிற்றாற்றுப் பக்கம். சிற்றாறு சீவலப்பேரி வந்துதான் தாமிரபரணியில் சேர்கிறது. அவர் விடுதியில் ஆற்றுத் தண்ணீரா போரா என்று கேட்டீர்களா?

அம்பை_சாரல்:
நீங்களும் கேட்கவில்லையே.

சால்டரிங்_முப்பது:
ஆற்றுச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் எவ்வளவு என்று இன்னும் யாரும் அளக்கவில்லை.

மேலகரத்தான்:
17.8 ஓம் வந்தது. கான்டாக்ட் கருகியிருந்தது. தென்காசியில் ரிலே கிடைத்தது, மாற்றியாயிற்று. சூடாகிறது. எல்லாருக்கும் நன்றி.

பாளை_வயர்மேன்:
மகிழ்ச்சி. ஆர்சிசிபி பற்றிச் சொல்லவே இல்லையே? இல்லையென்றால் நாளைக்கே போட்டுவிடுங்கள். அது இல்லாமல் சனிக்கிழமை யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

பாளை_வயர்மேன்:
அண்ணாச்சி, பார்த்தீர்களா?