வெட்டுறதா, திருத்துறதா?

நொதிப்பித்தன்:
அகர்தட்டு நேத்து போட்டதை அப்படியே ஒட்டுறேன்: "கிரிஸ்பர் மரபணுவுல இருக்கிற எழுத்துப்பிழையைத் திருத்துது. அரிவாள் செல் நோய்க்கு வந்த மருந்து காஸ்ஜெவியே சாட்சி. இனி பரம்பரை நோய்க்கெல்லாம் ஒரு ஊசி, அவ்வளவுதான்."

நடு வரி சுத்தப் பொய். பிழை இருக்கிறது 11ஆம் குரோமோசோம்ல, பீட்டா குளோபின் மரபணுவுல. டி.என்.ஏ. எழுத்து ஜி-ஏ-ஜி இருக்க வேண்டிய இடத்துல ஜி-டி-ஜி. அதனால புரதத்துல குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின், சிவப்பணு அரிவாளா வளையுது. மருந்து வெட்டுறது எங்க? 2ஆம் குரோமோசோம்ல. பி.சி.எல்.11ஏ-ன்னு ஒரு மரபணு, கருவுல இருந்த ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்கி வைக்கிறது அதுதான். சிவப்பணு உருவாகுற செல்லுல அதை முடுக்கிவிடுற ஒரு துண்டை உடைக்கிறாங்க. அடக்குறவன் அடங்கிட்டான், பழைய ஹீமோகுளோபின் திரும்ப வருது. தப்பான எழுத்து அப்படியேதான் இருக்கு. திருத்தினது எந்த எழுத்து?

அகர்தட்டு:
வந்துட்டாருய்யா வாத்தியார். காஸ்ஜெவி சோதனையில கணக்குல எடுத்துக்கிட்ட 31 பேர்ல 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாசமாவது கடுமையான வலித்தாக்குதல் வரலை. அதைப் பாக்க மாட்டீங்க, எந்தக் குரோமோசோம்னு எண்ணிக்கிட்டு இருப்பீங்க.

நொதிப்பித்தன்:
குணமாச்சான்னு நான் கேக்கவே இல்லை. திருத்திச்சான்னு கேட்டேன். கிரிஸ்பரோட வெட்டுற நொதி கேஸ்9, அதுக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. வழிகாட்டி ஆர்.என்.ஏ.வோட 20 எழுத்து பொருந்தணும், ஒட்டினாப்ல என்-ஜி-ஜி (என்-னா எந்த எழுத்தும்) இருக்கணும், அதுக்கு மூணு எழுத்து முன்னாடி ரெண்டு இழையையும் வெட்டும். அதோட அதன் வேலை முடிஞ்சுது. ஒட்டுறது செல்லு. அவசரத்துல ஒட்டும்போது ரெண்டு எழுத்து விழும், இல்ல நாலு எழுத்து நுழையும். ஒரு மரபணுவைக் கெடுக்க அது போதும், திருத்தப் போதாது. திருத்தணும்னா சரியான வரிசை உள்ள வார்ப்பு டி.என்.ஏ.வும் கூடவே போகணும், செல்லும் பிரியுற பருவத்துல இருக்கணும். ரத்தச் செல்லையெல்லாம் உண்டாக்குற ஸ்டெம் செல்லு பெரும்பாலும் தூங்கிக்கிட்டே இருக்கும். அதனாலதான் உடைக்கிற வழியா சுத்திப் போனாங்க.

அந்த "ஒரு ஊசி" லட்சணத்தையும் சொல்லிடுறேன். ரத்தத்துல இருந்து ஸ்டெம் செல் பிரிக்கணும், ஒரு தடவையில போதுமான அளவு கிடைக்காம திரும்பத் திரும்ப எடுக்க வேண்டி வரலாம். மின்துடிப்பு கொடுத்து கேஸ்9-ஐ உள்ள தள்ளணும், உறைய வைக்கணும், சோதிக்கணும். அப்புறம் புசல்ஃபான்ங்கிற வேதிமருந்தைக் கொடுத்து நோயாளியோட மஜ்ஜையைக் காலி பண்ணணும், இல்லேன்னா புதுச் செல்லுக்கு உட்கார இடம் இருக்காது. அந்த மருந்தால மலட்டுத்தன்மையும் வரலாம். ஊசியாம்.

பழைய_பிப்பெட்:
நொதிப்பித்தன் அவர்கள் கேஸ்9 வெட்டு வந்த 2012-லேயே காலண்டரைக் கிழிப்பதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. இரண்டு இழையையும் வெட்டாமல் எழுத்தை மாற்றும் முறை 2016-லேயே வந்தாயிற்று. சி-யை டி ஆக்கலாம். மறு ஆண்டில் வந்த முறையால் ஏ-யை ஜி ஆக்கலாம். இதற்கு என்ன பெயர் வைப்பதாக உத்தேசம்?

நொதிப்பித்தன்:
நல்லா மாட்டினீங்க. அரிவாள் செல்லுல வேண்டிய மாற்றம் என்ன? டி-யை ஏ ஆக்கணும். உங்க ரெண்டு முறையாலயும் அது ஆகாது. எதிர் இழையில இருக்கிற ஏ-யை ஜி ஆக்கினா இந்தப் பக்கம் ஜி-டி-ஜி, ஜி-சி-ஜி ஆகும். அதாவது வேலின் போய் அலனின் வரும். மக்காசர் ஹீமோகுளோபின்னு பேரு, அரிவாளா வளையாது, தீங்கில்லாத வகை. ஆனா ஒரிஜினல் ஜி-ஏ-ஜி இல்லை. "பள்ளம்"னு இருக்க வேண்டிய இடத்துல "வெள்ளம்"னு அச்சாச்சு, அதை அழிச்சு "உள்ளம்"னு போட்டுட்டு பிழை திருத்தியாச்சுன்னா எப்படி?

பழைய_பிப்பெட்:
2019-இல் வந்த பிரைம் எடிட்டிங் டி-யை ஏ ஆக்கும். படிக்கவில்லையா, பிடிக்கவில்லையா?

நொதிப்பித்தன்:
படிச்சேன். கேஸ்9 மட்டுமே 1,368 அமினோ அமிலம், மரபணு கிட்டத்தட்ட 4,100 எழுத்து. அதோட பிரைம் எடிட்டிங்குக்கு வேண்டிய தலைகீழ்ப் படியெடுக்கும் நொதியையும் சேர்த்துக் கட்டினா, மரபணுவைச் சுமந்துக்கிட்டுப் போக 4,700 எழுத்து மட்டுமே கொள்ளுற ஏ.ஏ.வி. வைரஸ்ல எங்க அடைப்பீங்க?

பழைய_பிப்பெட்:
உடலுக்கு வெளியே தட்டில் இருக்கும் செல்லுக்கு வைரஸ் எதற்கு? மின்துடிப்பு கொடுத்தால் உள்ளே போகிறது. ஐந்து பதிவுக்கு முன் அதைச் சொன்னவர் நீங்கள்தான்.

நொதிப்பித்தன்:
பேச்சை மாத்தாதீங்க. இந்த விவாதம் காஸ்ஜெவியைப் பத்தி. அது எந்த எழுத்தைத் திருத்திச்சு?

அகர்தட்டு:
சரி, காஸ்ஜெவியை விடுங்க. சி.பி.எஸ்.1 குறைபாட்டோட பிறந்த ஒரு குழந்தைக்குன்னே மருந்து செஞ்சு 2025-ல கொடுத்தாங்க. அம்மோனியாவை யூரியாவா மாத்த முடியாம ரத்தத்துலயே தேங்குற நோய். ஆறே மாசத்துல தயார். கொழுப்பு நுண்துகள்ல வச்சு ரத்தக்குழாய் வழியா ஏத்தினாங்க, மூணு டோஸ். ரெண்டு இழையையும் சேர்த்து வெட்டலை. தப்பான எழுத்தையே மாத்தினாங்க. எழுத்து திருந்திச்சா? ஊசிதானா?

நொதிப்பித்தன்:
அது கல்லீரல். ரத்தத்துல விட்ட கொழுப்புத் துகளுக்கு அபோஈ புரதம் ஒட்டிக்கும், கல்லீரல் அதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிடும். மூளைக்கோ தசைக்கோ அனுப்பிப் பாருங்க தெரியும். அதோட நீங்க எழுதினது "காஸ்ஜெவியே சாட்சி"ன்னு. சாட்சியை நடுவுல மாத்துறது எந்த ஊரு நியாயம்?

சும்மா_பாக்குறேன்:
அண்ணே, அகர்தட்டு இன்னொரு பதிவுல பாக்டீரியாவுக்குள்ள பிளாஸ்மிட்ங்கிற வளைய டி.என்.ஏ.வை ஏத்த 42 டிகிரியில 90 நொடின்னு போட்டிருக்காரு. 45 நொடி இல்லையா?

அகர்தட்டு:
90-தான். பள்ளிப் பிள்ளைங்களே செய்யுறது. கால்சியம் குளோரைடுல ஊறின ஈ.கோலை, ஐஸ்ல அரை மணி, 42-ல 90, திரும்ப ஐஸ்ல ரெண்டு நிமிஷம்.

பழைய_பிப்பெட்:
மெல்லிய சுவருள்ள சிறு குழாயில் 90 நொடி வைத்தால் நிறையச் செத்துவிடும். சூடு எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பது குழாயின் தடிமனையும் உள்ளே இருக்கும் அளவையும் பொறுத்தது. குழாயைச் சொல்லாமல் நொடியைச் சொல்வது சமையல் குறிப்பில் பாத்திரத்தைச் சொல்லாத கதை. பிறகு ஊட்டநீரில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் விட வேண்டும். ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை எதிர்க்கும் நொதியை பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியா உண்டாக்க அவகாசம் வேண்டாமா? அதை நேராக ஆம்பிசிலின் தட்டில் கொட்டிவிட்டு "வளரவில்லை" என்று அழுகிறவர்கள்தான் அதிகம்.

சும்மா_பாக்குறேன்:
தட்டுல பெரிய பாக்டீரியாப் புள்ளியைச் சுத்திப் பொடிப் பொடியா நிறைய வருதே, அதெல்லாம் வெற்றியா?

நொதிப்பித்தன்:
அதெல்லாம் பிளாஸ்மிட் இல்லாத திருட்டுக் கூட்டம். பெரிய புள்ளி வெளிய விடுற எதிர்ப்பு நொதி, பீட்டா லாக்டமேஸ், சுத்தி இருக்கிற ஆம்பிசிலினைத் தின்னுடும், அந்த நிழல்ல இதுங்க குடித்தனம் பண்ணும். 16 மணி நேரத்துல தட்டை வெளிய எடுங்க, இல்ல ஆம்பிசிலினுக்குப் பதிலா கார்பெனிசிலின் போடுங்க. அகர் கொதிக்கக் கொதிக்க மருந்தைக் கலந்தாலும் இதே கதிதான், 50 டிகிரிக்கு இறங்கட்டும். அகர்தட்டுன்னு பேர் வச்சுக்கிட்டவர் இதைச் சொல்லியிருக்கணும்.

அகர்தட்டு:
பேரை இழுக்குறதுன்னா நானும் பித்தன்ல இருந்து ஆரம்பிப்பேன். 1982-ல இருந்து இந்தப் பாக்டீரியாவை வச்சும் இன்சுலின் செய்யுறாங்க. பாலாடைக்கட்டி உறைய வைக்கிற கைமோசின் நொதியை இப்படிச் செய்ய 1990-ல அனுமதி, கன்னுக்குட்டி வயித்தை அறுக்கிற வேலை குறைஞ்சுது. சலவைத்தூள்ல கறையைத் தின்னுற நொதியும் இதே குடும்பம். தினசரி வாழ்க்கையில வந்து நாற்பது வருஷமாச்சு. இவரு இன்னும் வெட்டா திருத்தான்னு கேட்டுக்கிட்டு இருக்காரு.

நொதிப்பித்தன்:
அதெல்லாம் மரபணுவைப் புதுசா நுழைச்சது. அங்கயும் எதையும் திருத்தலை. எனக்கே எடுத்துக் கொடுக்குறீங்க, நன்றி.

பழைய_பிப்பெட்:
"திருத்தம்" என்றால் என்ன என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை என்பதைப் பணிவுடன்...

நொதிப்பித்தன்:
சொல்லத் தேவையில்லை. குரோமோசோம் நம்பர் மட்டும் சொல்லுங்க. 2-ஆ, 11-ஆ?

சும்மா_பாக்குறேன்:
அண்ணே, என் குழாய் 1.5 மில்லி. 45 வைக்கவா?