அப்டேட்: ஆக்கி உடும்புக்கு கூண்டு ரெடி
என்னோட ஆக்கி உடும்புக்கு (Ackie monitor, ஆஸ்திரேலியாவோட சின்ன உடும்பு வகை) கண்ணாடித் தொட்டி போதுமா இல்ல மரக்கூண்டு அடிக்கணுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, மரம்தான்னு நிறைய பேர் சொன்னீங்க, அதையே செஞ்சாச்சு. 4 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம். மேல வலை கிடையாது, முழுசா மூடி பக்கவாட்டுல சின்னதா காத்து ஓட்டை மட்டும், ஏன்னா மேல திறந்திருந்தா சூடும் ஈரமும் நிக்கவே நிக்காது.

உயரம் எதுக்குன்னா மண்ணுக்குத்தான். ஒன்றரை அடிக்கு மண்ணும் மணலும் கலந்து கொட்டி, கையில பிடிச்சா உருண்டையா நிக்கிற அளவுக்கு தண்ணி தெளிச்சு அமுக்கி விட்டேன், காஞ்சு போச்சுன்னா வளை சரிஞ்சுடும். வெயிட் பயங்கரமா இருக்கும், அடிப்பலகை தடிமனா போடுங்க. இப்போ முன்னங்காலால வாரி வாரி பின்னாடி தள்ளிட்டு உள்ள போகுது, அப்புறம் மூக்கு நுனில மண்ணோட நாக்கை நீட்டிட்டே எட்டிப் பாக்குது, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

வெயில் காய ஹாலஜன் பல்பு, அதுக்குக் கீழ பலகைய இடைவெளி விட்டு அடுக்கிருக்கேன். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல மேல்பலகை 60 டிகிரி செல்சியஸ் காட்டுது, பயப்படாதீங்க, ஆஸ்திரேலியாவோட வறண்ட பாறைப் பகுதில வாழ்ற ஜீவன், அதுக்கு இந்தச் சூடு வேணும். ஆனா எதிர் மூலை 26 கிட்ட இருந்தே ஆகணும், இல்லன்னா ஒதுங்க எடமே இருக்காது. யுவிபி (UVB, புற ஊதாக் கதிர்) தர்ற ட்யூப் லைட்டும் போட்டாச்சு. பல்பச் சுத்தி கம்பிக்கூடு கட்டாயம், ஏறிப் போய் சுட்டுக்கும்.

உள்பக்கம் வார்னிஷ் அடிச்சீங்கன்னா வாசனை சுத்தமா போற வரைக்கும் உள்ள விடாதீங்க.