டபுள் கோட்ஸ் போட்டும் ஸ்பேஸில் வெட்டுகிறது, அவசர உதவி தேவை

கரிசல்மண்
நண்பர்களே, இன்று இரவு பேக்கப் ஓடியாக வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் ஒரே வரியில் ஆப்ஷன்களை எழுதி வைத்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் அந்த வரியைப் படித்து ஒரு வேரியபிளில் போட்டு கமாண்டுக்குக் கொடுக்கிறது. ஸ்பேஸ் இல்லாத பெயர் எல்லாம் சரியாகப் போகிறது. "ஓல்டு போட்டோஸ்" மட்டும் கோட்ஸ் இருந்தும் இரண்டு துண்டாகிறது. சிங்கிள் கோட்ஸ், பேக்ஸ்லாஷ் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. அதே வரியை டெர்மினலில் ஒட்டினால் ஒழுங்காக ஓடுகிறது! எங்கே தப்பு?

இரவு ஷிப்ட்
எந்தக் கமாண்ட்? என்ன எரர்? பாஷ் (bash), டேஷ் (dash) இரண்டில் எந்த ஷெல், அதாவது கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்? ஸ்கிரிப்டின் முதல் வரி என்ன? இதெல்லாம் இல்லாமல் என்னவென்று சொல்வது?

பைப்லைன்
வேரியபிளைச் சுற்றி டபுள் கோட்ஸ் போடுங்கள் ப்ரோ. பெரும்பாலும் அதுதான் காரணம்.

கரிசல்மண்
போட்டேன். இப்போது முழு வரியும் ஒரே ஆப்ஷனாகப் போகிறது.

சாளரம்
கமாண்டுக்கு முன்னால் ஈவால் (eval) போடுங்கள், ஷெல் அந்த வரியை மறுபடி கமாண்டாகவே படிக்கும். ஒரே வார்த்தையில் வேலை முடிந்தது.

பழைய யுனிக்ஸ்
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வேண்டும். ஷெல் ஒரு வரியை எந்த வரிசையில் பிரிக்கிறது என்பது பாஷ் மேன் பேஜிலேயே (கையேட்டிலேயே) இருக்கிறது. கோட்ஸை அடையாளம் காண்பது முதல் வேலை. வேரியபிளைத் திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டுவது அதற்கு அப்புறம். ஆகவே ஃபைலிலிருந்து வந்த கோட்ஸ் வெறும் எழுத்து, ஷெல்லுக்கு அதில் எந்த அர்த்தமும் இல்லை. கொட்டியதை ஸ்பேஸ், டேப், புது வரி கண்ட இடத்தில் வெட்டும், அவ்வளவுதான். டெர்மினலில் ஒட்டும்போது கோட்ஸை நீங்களே தட்டியதாக ஷெல் எடுத்துக்கொள்கிறது, அதனால் ஓடுகிறது.

இரவு ஷிப்ட்
ஐயா சொன்ன காரணம் சரி. கரிசல்மண், ஸ்கிரிப்டின் மேலே செட் -எக்ஸ் (set -x, ஓடும் ஒவ்வொரு கமாண்டையும் காட்டும்) போட்டு ஓட்டி, வருவதை இங்கே ஒட்டுங்கள். டெலீட் ஆப்ஷன் இருந்தால் இப்போதைக்கு எடுத்துவிட்டு, ட்ரை ரன்னில் (நிஜமாக எதையும் மாற்றாத ஒத்திகை) வைத்து ஓட்டுங்கள்.

கரிசல்மண்
கமாண்ட் ஆர்சிங்க் (rsync, ஃபைல்களைக் காப்பி பண்ணுவது), உபுண்டு 22.04. இதுதான் வந்தது:

+ ஆர்சிங்க் -ஏவி '--எக்ஸ்க்ளூட்="ஓல்டு' 'போட்டோஸ்"' --எக்ஸ்க்ளூட்=டெம்ப் ...

போட்டோஸ்" என்று ஒரு ஃபைல் இல்லை என்கிறது, கடைசியில் எரர் கோட் (code) 23.

இரவு ஷிப்ட்
இதில் எல்லாம் தெரிகிறது. சிங்கிள் கோட்ஸ் பாஷ் நமக்குக் காட்டுவதற்காகப் போட்டது. உள்ளே இருக்கும் டபுள் கோட்ஸ்தான் உங்கள் ஃபைலில் இருந்து வந்தது, அது பெயரின் பாகமாகவே ஆர்சிங்க்குக்குப் போயிருக்கிறது. "ஓல்டு என்று கோட்ஸோடு தொடங்கும் பெயர் எங்கும் இல்லை, எனவே எதுவும் விலக்கப்படவில்லை. மிச்சத் துண்டுக்கு ஆப்ஷன் அடையாளம் இல்லாததால் காப்பி பண்ண வேண்டிய ஃபைல் என்று நினைத்துத் தேடியிருக்கிறது. அதாவது அந்த ஃபோல்டரும் சேர்ந்தே காப்பி ஆகியிருக்கும், பாருங்கள்.

பைப்லைன்
எக்ஸார்க்ஸ் (xargs, வரும் எழுத்தைத் துண்டாக்கிக் கமாண்டுக்குக் கொடுப்பது) கோட்ஸைப் புரிந்துகொள்ளும். அதன் வழியாக அனுப்பி, ஒவ்வொரு துண்டையும் நல் (null) எழுத்தால் பிரித்து, பாஷின் மேப்ஃபைல் (mapfile) கமாண்டில் வாங்கினால் அரே (பட்டியல் வேரியபிள்) தயார். பாஷ் 4.4 வேண்டும், உங்களிடம் அதற்கு மேல்தான் இருக்கிறது.

பழைய யுனிக்ஸ்
எக்ஸார்க்ஸின் கோட்ஸ் விதி ஷெல்லின் விதி அல்ல. டபுள் கோட்ஸுக்குள் பேக்ஸ்லாஷ் அங்கே சாதாரண எழுத்து. பெயருக்குள் டபுள் கோட்ஸ் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அடிப்படை தெரியாமல் கருவியைப் பரிந்துரைக்கக் கூடாது.

சாளரம்
அதனால்தான் ஈவால் என்றேன். ஷெல்லின் விதியே வேண்டுமென்றால் ஷெல்லிடமே கொடுக்க வேண்டியதுதானே? ஃபைலும் அவருடையது, மெஷினும் அவருடையது.

இரவு ஷிப்ட்
சாளரம், இன்று அவருடையது. நாளை வேறொருவர் அந்த ஃபைலில் கை வைப்பார். டாலருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எதை எழுதினாலும் ஈவால் அதை ஓட்டிவிடும். கெட்ட எண்ணமே வேண்டாம்: அப்பா&அம்மா என்று கோட்ஸ் இல்லாமல் ஒரு ஃபோல்டர் பெயர் வந்தால் போதும், கமாண்ட் அங்கேயே உடைந்து பாதி பின்னணிக்குப் போய்விடும். பேக்கப் ஸ்கிரிப்ட் ரூட்டில் (முழு அதிகாரத்தோடு) ஓடுகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

மேக்புக் மணி
இசட்ஷெல் (zsh) என்ற வேறு ஷெல்லுக்கு மாறுங்கள், இந்த வெட்டுப் பிரச்சினையே கிடையாது. மேக்கில் 2019 முதல் அதுதான் டீஃபால்ட்.

இரவு ஷிப்ட்
வெட்டாது, ஆனால் முழு வரியும் ஒரே ஆப்ஷனாகப் போகும். அதைத்தான் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். பிரிக்க அங்கே தனி ஃப்ளாக் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மேக்புக் மணி
இருக்கிறதல்லவா! பாஷில் அதுகூட இல்லையே.

பழைய யுனிக்ஸ்
மேக்கோடு வரும் பாஷ் 3.2. மேப்ஃபைல் வந்ததே 4.0-இல். அதை வைத்து பாஷை எடை போடாதீர்கள்.

பைப்லைன்
பாஷின் லைசென்ஸ் ஜிபிஎல் 3-க்கு மாறியபோது ஆப்பிள் அங்கேயே நிறுத்திக்கொண்டது. அதற்கு பாஷ் என்ன செய்யும்?

நூலாம்படை
சண்டை நடக்கட்டும். கரிசல்மண் அண்ணா, உங்கள் வரியில் இருப்பது எல்லாமே எக்ஸ்க்ளூட்தானா? அப்படியானால் கோட்ஸைப் பிரிக்கும் வேலையே வேண்டாம். ஆர்சிங்க்கில் எக்ஸ்க்ளூட்-ஃப்ரம் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஒரு ஃபைலில் வரிக்கு ஒரு பெயர் எழுதி அதைக் காட்டுங்கள்:

# பேக்கப்பில் வேண்டாதவை
ஓல்டு போட்டோஸ்
/டெம்ப்

கோட்ஸ் போடவே கூடாது. ஸ்பேஸ் அப்படியே இருக்கலாம். # போட்ட வரியைத் தாண்டிவிடும். முன்னால் ஸ்லாஷ் இருந்தால் மேல்மட்டத்து டெம்ப் மட்டும், இல்லையென்றால் எந்த ஆழத்தில் இருந்தாலும் விலக்கும்.

வேறு ஆப்ஷன்களும் வேண்டுமென்றாலும் இதே முறைதான். வரிக்கு ஒன்றாக எழுதி, மேப்ஃபைல் -t கொண்டு அரேயில் வாங்கி, அரேயை டபுள் கோட்ஸுக்குள் @ போட்டு விரியுங்கள். * போட்டால் எல்லாம் ஒட்டி ஒன்றாகிவிடும்.

சாளரம்
ஒரே வரி ஃபைல்தான் மேலிடத்தில் இருந்து வருகிறது, மாற்ற முடியாது என்றால்?

நூலாம்படை
அப்போது பைதானின் எஸ்ஹெச்லெக்ஸ் (shlex) மாட்யூல். அதில் உள்ள ஸ்ப்ளிட் (split) கோட்ஸைப் பார்த்து வரியைப் பிரிக்க மட்டும் செய்யும், எதையும் ஓட்டாது. துண்டுகளை நல் எழுத்தால் பிரித்து வெளியே அனுப்பி, பைப்லைன் சொன்னபடி மேப்ஃபைலில் வாங்கலாம்.

கரிசல்மண்
எல்லாம் எக்ஸ்க்ளூட்தான். எக்ஸ்க்ளூட்-ஃப்ரம் வைத்து ட்ரை ரன் சரியாக வந்தது, பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி.

தென்றல்23
எனக்கும் இதே தேவை, ஆனால் ஆர்சிங்க் இல்லை. பாஷ் ஸ்கிரிப்டில் அரே எழுதினால் அடைப்புக்குறி எதிர்பார்க்கவில்லை என்று சின்டாக்ஸ் எரர் வருகிறது. உபுண்டுதான்.

இரவு ஷிப்ட்
எஸ்ஹெச் (sh) என்று தட்டி ஓட்டுகிறீர்களா? உபுண்டுவில் 6.10 முதல் அது டேஷ். அப்படி ஓட்டினால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று இருந்தாலும் பலனில்லை. பாஷ் என்று தட்டி ஓட்டுங்கள். டேஷில்தான் ஓடியாக வேண்டும் என்றால் அங்கே அரே கிடையாது, ஸ்கிரிப்டுக்கு வரும் ஆர்குமென்ட் பட்டியலான "$@" ஒன்றுதான் உங்களுக்கு அரே. செட் -- போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.