ஒற்றைச்சுருள் கிட்டாரில் ரீங்காரம்: எந்தப் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பது?

செங்காங்வாசி:

வணக்கம். மூன்று ஒற்றைச்சுருள் பிக்கப்கள் (தந்தியின் அசைவை மின்னலையாக மாற்றும் பாகங்கள்) கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரை எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்து வருகிறேன். எங்கள் பாடகி 5 கட்டைச் சுருதியில் பாடுபவர். தாளம் சேர்வதற்கு முன்பு அவர் விருத்தம் பாடும்போது, தம்புராச் செயலியின் சுருதிக்கு மேல் நான் நீண்ட ஸ்வரங்களைக் கமகத்தோடு பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்காகக் கம்ப்ரஸர் பெடலைப் பயன்படுத்துகிறேன். ஸ்வரம் தேயத் தேயக் கம்ப்ரஸர் ஒலியை உயர்த்திக்கொண்டே போவதால், அதனுடன் ஒரு ரீங்காரமும் மேலெழுந்து, பாடகி மூச்சு விடும் இடைவெளிகளையெல்லாம் நிரப்பிவிடுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மடிக்கணினியில் ஒலிப்பதிவு செய்யும்போதும் இதே தொல்லைதான்.

பிக்கப்களைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை, பிரிட்ஜ் (தந்திகள் ஊன்றும் பாலத்தின் அருகே உள்ள) பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேரும் 2ஆம் நிலையில் அல்லது நடுவும் நெக் (கழுத்துப் பக்கம் உள்ள) பிக்கப்பும் சேரும் 4ஆம் நிலையில் வைத்தால் ரீங்காரம் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. ஆனால், விருத்தத்திற்கு எனக்கு வேண்டிய தெளிவான நாதம் நெக் பிக்கப் தனியாக ஒலிக்கும் 5ஆம் நிலையில்தான் கிடைக்கிறது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் விசாரித்தபோது ஒரு கடையில் முழு அளவு ஹம்பக்கர் (ரீங்காரத்தைக் கழிக்கும் இரட்டைச்சுருள் பிக்கப்) போடலாம் என்றார்கள். அதற்குக் கிட்டாரின் மரத்தைக் குடைய வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு விருப்பமில்லை. நண்பர் ஒருவர் உள்ளே செப்புத் தாள் ஒட்டினாலே போதும் என்கிறார். நாதம் கெடாமல் ரீங்காரத்தை மட்டும் நீக்கும் பிக்கப் உண்டா? நெக் பிக்கப்பை மட்டும் மாற்றினால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பற்றாசு:

வணக்கம். பிக்கப்புக்குப் பணம் செலவிடுவதற்கு முன்பு, இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நாம் பொதுவாக ‘ரீங்காரம்’ என்று சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு தொல்லைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத்தான் பிக்கப் தீர்க்கும்.

முதலாவது காந்தப்புலம் வழியாக வருவது. ஒற்றைச்சுருள் பிக்கப் என்பது, காந்தத் தண்டுகளைச் சுற்றி ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். தந்தியின் அசைவை மின்னலையாக மாற்றும் அதே சுருள், ஆம்ப்ளிஃபயரின் மின்மாற்றியும் மற்ற மின்சாதனங்களும் எழுப்பும் மாறுகாந்தப்புலத்தையும் அப்படியே பிடித்துக்கொள்கிறது. சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால், நமக்குக் கேட்பது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும். இரண்டாவது மின்புலம் வழியாக வருவது. மங்கலாக்கும் விளக்கு ஸ்விட்சுகள், தரம் குறைந்த எல்இடி விளக்குகள் போன்றவற்றிலிருந்து வரும் இது, உறுமலாக இல்லாமல் கரகரப்பாக இருக்கும். மூன்றாவது கிட்டாரையே சாராதது. ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் வெவ்வேறு வழிகளில் மின்தரையோடு இணைந்திருப்பதால் உண்டாகும் தரைச்சுற்றும், மடிக்கணினியின் மின்னேற்றி யுஎஸ்பி கம்பி வழியாக அனுப்பும் கீச்சொலியும் இதில் சேரும்.

சோதனை எளிது. ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்து, நாற்காலியில் அமர்ந்தபடி கிட்டாரோடு மெதுவாகச் சுழன்று பாருங்கள். ஒரு திசையில் ரீங்காரம் வலுத்து, இன்னொரு திசையில் ஏறக்குறைய மறைந்தால் அது காந்தப்புலம். தந்திகளைக் கையால் தொட்டதும் கரகரப்பு குறைந்தால் அது மின்புலம். கிட்டாரின் வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் இரைச்சல் மாறாமல் இருந்தால், காரணம் கிட்டாருக்கு வெளியே இருக்கிறது. ஒலிப்பதிவின்போது மடிக்கணினியை மின்னேற்றியிலிருந்து கழற்றி, மின்கலத்தில் மட்டும் ஓடவிட்டும் பாருங்கள்.

செப்புத் தாளும் கடத்தும் வண்ணப்பூச்சும் மின்புலத்தைத் தடுக்கும் என்பதால் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்த மெல்லிய செப்பைத் தடையின்றிக் கடந்துவிடும். 2, 4ஆம் நிலைகள் அமைதியாக இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் திருப்பி வைக்கப்பட்டது என்று தெரிகிறது. அதனால், இரண்டு பிக்கப்கள் சேரும்போது தந்தியின் ஒலி கூடுகிறது, வெளிப்புல ரீங்காரம் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் தொல்லையின் பெரும்பகுதி காந்தப்புலமே என்று ஊகிக்கிறேன். ஆயினும் சோதித்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். தரைச்சுற்றைப் போக்குவதற்காக மூன்று முள் செருகியின் தரை இணைப்பைத் துண்டிக்கும்படி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மைக்கைத் தொடும்போது தந்தியிலிருந்து அதிர்ச்சி உணர்ந்தால் வாசிப்பதை உடனே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

சுருதிசுத்தம்:

நண்பர் பற்றாசு சொன்ன விளக்கத்தோடு, சுருதி சார்ந்த ஒன்றையும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 5 கட்டை ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயி ஒன்று 98 ஹெர்ட்ஸில் அமைகிறது, 5½ கட்டைக்கு உரியது ஏறத்தாழ 104 ஹெர்ட்ஸ். உங்கள் ரீங்காரத்தின் 100 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் இடையே, இரண்டோடும் சேராமல் நிற்கிறது. தம்புராவின் ஷட்ஜத்தோடு அது மோதும்போது நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் அலை ஒன்று கேட்கும். மேளக்கச்சேரி நடுவே யாரும் கவனிக்காத இந்த அலை, விருத்தத்தில் பாடகியின் காதில் நேராக விழும். இரைச்சல் சிறிதுதானே என்று மற்றவர்கள் சொன்னாலும் உங்களுக்கும் பாடகிக்கும் அது தாங்க முடியாததாக இருப்பதில் வியப்பில்லை. அதை நீக்க நீங்கள் எடுக்கும் முயற்சி முற்றிலும் நியாயமானது.

இனிப் பிக்கப்களைப் பற்றி. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ரீங்காரத்தைக் கழிக்கும் ஹம்பக்கரை, கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்காகச் சமர்ப்பித்தார், 1959இல் அது வழங்கப்பட்டது. அதன் இரண்டு சுருள்களும் பக்கத்தில் பக்கமாக இருப்பதால், தந்தியின் அகலமான ஒரு பகுதியை அது கேட்கிறது. அதனால் உச்ச ஒலிகள் மழுங்கி, நடு ஒலிகள் தடிக்கின்றன. அது அழகான நாதம்தான், ஆனால் நீங்கள் தேடும் நாதம் அன்று.

மரத்தைக் குடையாமல் ஒற்றைச்சுருளின் இடத்திலேயே பொருந்துபவை சில உண்டு. சிறிய உடலுக்குள் இரண்டு மெல்லிய சுருள்களைப் பக்கவாட்டில் அடக்கி, தனித்தனிக் காந்தத் தண்டுகளுக்குப் பதிலாக நீளத் தகடு வைத்த சீமோர் டங்கன் ஹாட் ரெயில்ஸ் போன்றவை ஒரு வகை. தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும்போது அது ஒரு தண்டின் மேலிருந்து விலகி ஒலி சற்றுக் குறைவதுண்டு, தகட்டில் அந்தக் குறை இல்லை. ஆனால் ஹாட் ரெயில்ஸ் தன் பெயருக்கேற்ப வலிமையானது, விருத்தத்தின் மென்மைக்கு ஒத்துவராது.

லேஸ் சென்சார் என்னும் பிக்கப்பை ஃபெண்டர் நிறுவனம் 1987இல் தன் ஸ்ட்ராட் பிளஸ் கிட்டாரில் பொருத்தியது. காந்த இழுவை மிகக் குறைவு என்பது அதன் பெருமை, எனவே தந்தி தன் இயல்பில் நீண்டு ஒலிக்கும். ஆனால் அது ரீங்காரத்தைக் குறைக்குமே தவிர, ஹம்பக்கர் அளவுக்கு நீக்காது. இஎம்ஜி எஸ்ஏ போன்ற மின்கலம் கொண்ட பிக்கப்கள் மிகமிக அமைதியானவை. அவற்றுக்கு 9 வோல்ட் மின்கலமும் 25 கிலோ ஓம் கட்டுப்பாட்டுக் குமிழ்களும் தேவைப்படுவதால், உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது அடுக்குச் சுருள் வகை. ஒரு சுருள் மேலேயும் மற்றொன்று கீழேயும் இருப்பதால், தந்தியைக் கேட்கும் பரப்பு ஒற்றைச்சுருளின் அளவிலேயே குறுகலாக இருக்கிறது. டிமார்சியோ ஏரியா வரிசை, ஃபெண்டர் நாய்ஸ்லெஸ், கின்மன் ஆகியவை இந்த வகை. கீழ்ச்சுருளும் தந்தியின் ஒலியைச் சிறிது பிடித்து எதிர்த்திசையில் கழித்துவிடும் என்பதே இதன் அடிப்படைச் சிக்கல். இரண்டுக்கும் இடையே காந்தத் தடுப்பு வைத்துத் தயாரிப்பாளர்கள் அதைக் குறைக்கிறார்கள். எவ்வளவு நன்றாகக் குறைத்திருக்கிறார்கள் என்பதில்தான் விலை உயர்ந்த அடுக்குப் பிக்கப்புக்கும் மலிவானதற்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. மலிவானவற்றில் தந்தியை மீட்டும் அந்த முதல் கணத்தின் கூர்மை போய்விடுகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் ஓம் (மின்தடை) எண்ணை வைத்து மதிப்பிடாதீர்கள். இரண்டு சுருள்களின் தடையும் கூட்டப்படுவதால் எண் பெரிதாகத் தெரியும், ஒலி அதற்கேற்ப உயர்வதில்லை.

செங்காங்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 5 கட்டைக்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் உள்ள மோதலைப் பற்றிப் பாடகியிடம் சொன்னேன். சுருதி நெளிவதாக அவர் முன்பே சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இப்போது புரிந்தது.

சோதனைகளைச் செய்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரை நேராக நோக்கி அமரும்போது ரீங்காரம் மிக வலுவாகவும், பக்கவாட்டில் திரும்பும்போது ஏறக்குறைய இல்லாமலும் இருக்கிறது. தந்திகளைத் தொடுவதால் பெரிய மாற்றமில்லை. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் ஒலிப்பதிவில் இருந்த கீச்சொலி மறைந்துவிட்டது, உறுமல் மட்டும் எஞ்சியது. மேடையில் நிற்கும் இடமும் திரும்பும் திசையும் என் கையில் இல்லாததால், பிக்கப்பை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். நான் வாசிப்பது 4ஆம், 5ஆம் நிலைகளில் மட்டுமே. அப்படியானால் நெக் பிக்கப் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும் அல்லவா?

பற்றாசு:

போதாது. இதைப் பலரும் வாங்கிப் பொருத்திய பிறகுதான் கண்டுகொள்கிறார்கள். இப்போது 4ஆம் நிலை அமைதியாக இருப்பதற்குக் காரணம், நெக் பிக்கப்பின் ரீங்காரத்தை நடுப் பிக்கப்பின் எதிர் ரீங்காரம் கழிப்பதே. நெக் பிக்கப் தானாகவே அமைதியாகிவிட்டால், நடுப் பிக்கப்பின் ரீங்காரத்தைக் கழிக்க எதுவும் இருக்காது. 5ஆம் நிலை சரியாகும், இதுவரை சரியாக இருந்த 4ஆம் நிலை ரீங்கரிக்கத் தொடங்கும். ஆகவே நெக், நடு ஆகிய இரண்டையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையிலிருந்து சேர்த்து வாங்குங்கள். பிரிட்ஜ் பிக்கப்பை நீங்கள் தொடுவதே இல்லை என்றால் பழையதையே விட்டுவைக்கலாம், 2ஆம் நிலையின் அமைதி மட்டும் போகும். வெவ்வேறு தயாரிப்பாளர்களைக் கலந்தால் கம்பிகளின் நிறக் குறியீடு வேறுபடும், இரண்டு பிக்கப்களின் அலைகளும் எதிர்க்கட்டத்தில் அமைந்து 4ஆம் நிலையில் ஒலி மெலிந்து சத்தற்றுப் போகவும் கூடும்.

தேவையான சிறு பொருள்கள் அனைத்தும் சிம் லிம் டவரில் கிடைக்கும். ஆனால் கட்டுப்பாட்டுக் குமிழ்களை மாற்றுவதற்கு முன்பு, பிக்கப்போடு வரும் தாளில் எத்தனை கிலோ ஓம் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கிட்டாரில் பெரும்பாலும் 250 கிலோ ஓம் இருக்கும். நாதம் மந்தமாகத் தோன்றினால், பிக்கப்பைக் குறைசொல்வதற்கு முன் அந்த எண்ணைச் சரிபார்ப்பது நல்லது.

சுருதிசுத்தம்:

உயரத்தைப் பற்றி ஒரு சொல். அடுக்குச் சுருளில் ஒலி சற்றுக் குறைவாகத் தோன்றுவதால் பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்தத் தூண்டும். காந்தத் தண்டுகள் நெருங்கினால் அவை தடித்த தந்திகளை இழுத்து ஸ்வரத்தை நெளியவைக்கும், நீண்ட நாதம் விரைவில் அறுந்தும் போகும். கமகத்துக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறில்லை. கடைசி ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியில்) தந்தியை அழுத்திப் பிடித்து, மெல்லிய தந்திப் பக்கம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலும், தடித்த தந்திப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் அளவும் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். குறையும் ஒலியைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் ஈடுசெய்துகொள்ளலாம். ரீங்காரம் போய்விட்டதால், அங்கே ஒலியைக் கூட்டும்போது இனி ஸ்வரத்தின் ஒலியே பெரும்பாலும் உயரும்.