பழைய கணினியில் கழற்றிய 2 ஹார்ட் டிஸ்க்: லேப்டாப்பில் மாட்ட எந்த வயர்?

கேள்வி (மேலூர்):
வணக்கம். அப்பா 2004-ல் வாங்கிய டெஸ்க்டாப் போன மாதம் அடியோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்த 2 ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி வைத்திருக்கிறேன். 2006 மதுரை சித்திரைத் திருவிழாவில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் நின்ற அப்பத்தாவை அப்பா எடுத்த படங்கள் அதில்தான் இருக்கின்றன. அப்பத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் கிடையாது.

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் "ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டுகிற வயர்" என்று கேட்டு வாங்கினேன். ஒரு டிஸ்க்கில் செருக முடிகிறது, வயரில் விளக்கும் எரிகிறது, ஆனால் லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. இன்னொன்றில் மாட்டவே முடியவில்லை. பின்பக்கம் இரண்டு வரிசையாக ஊசிகள். நடுவில் ஓர் ஊசி இல்லை. கழற்றும்போது உடைத்துவிட்டேனோ?

பதில் (திருநகர்):
தம்பி, ஊசி உடையவில்லை. கேபிளைத் தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்று 20-வது ஊசியை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அது ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க், பாட்டா என்றும் சொல்வார்கள். 40 ஊசிக்கான இடம், பக்கத்தில் கரண்டுக்குத் தடித்த 4 ஊசி. நீங்கள் வாங்கியது அதற்குப் பின் வந்த சாட்டா வகைக்கான வயர். சாட்டாவில் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, எல் வடிவத்தில் இரண்டு தட்டையான வாய் இருக்கும். சின்னது தகவலுக்கு, 7 முனை. நீளமானது கரண்டுக்கு, 15 முனை. கடையில் "ஹார்ட் டிஸ்க் வயர்" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைத்தான் தருவார்கள். டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முதல் டிஸ்க் ஏன் ஓடவில்லை என்றால், அது டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க். அதன் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி வழியாக வருவது 5 வோல்ட்தான். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு அது போதும், இதற்குப் போதாது. விளக்கு எரிவது வயருக்குக் கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டும் அடையாளம், டிஸ்க் சுற்றுகிறது என்பதற்கு அல்ல. 12 வோல்ட் அடாப்டரோடு சேர்ந்து வரும் "யூஎஸ்பி டூ சாட்டா, ஐடிஇ கன்வெர்ட்டர்" என்று கேளுங்கள். ஒன்றிலேயே இரண்டு டிஸ்க்கையும் மாட்டலாம்.

ஐடிஇ டிஸ்க்கில் இரண்டு இணைப்புக்கும் நடுவே தொப்பி மாதிரி சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதுதான் ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் எது முதலாவது (மாஸ்டர்), எது இரண்டாவது (ஸ்லேவ்) என்று காட்டுவது அது. அதை மாஸ்டர் இடத்தில் வையுங்கள். எந்த இடம் என்பது டிஸ்க் மேலுள்ள லேபிளிலேயே படமாகப் போட்டிருக்கும். ஸ்லேவில் இருந்தால் பல கன்வெர்ட்டர்களில் தெரியாது.

பதில் (உசிலம்பட்டி):
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து சரி கொடுக்காதீர்கள். டக் டக் என்று ஒரே சீராகத் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்பவர்களிடம் கொடுங்கள். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தால் இருப்பதும் போய்விடும். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில் இந்த வேலையே வேண்டாம். லேப்டாப் பேட்டரியில் ஓடும், அடாப்டர் நின்றுவிடும், நகலெடுப்பது பாதியில் அறுந்துபோகும்.

மேலூர்:
அண்ணே, கன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன். சாட்டா டிஸ்க் சுற்றியது, உள்ளே அப்பாவின் கணக்கு வழக்குகள் மட்டும். ஐடிஇ டிஸ்க்கில் ஜம்பர் ஸ்லேவில்தான் இருந்தது, மாற்றியதும் வந்துவிட்டது. ஆனால் "டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" ஃபோல்டருக்குள் அப்பா பெயரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

திருநகர்:
அது பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் பயனர் பூட்டு. "கன்டினியூ" கொடுங்கள். கோப்புகள் நிறைய இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் வயரைப் பிடுங்காதீர்கள். டிஸ்க்கை மேசையில் அசையாமல் வையுங்கள். படங்களை அங்கேயே திறந்து பார்க்காமல் முதலில் மொத்தமாக நகலெடுங்கள்.

மேலூர்:
திறந்துவிட்டது அண்ணே. எதிர்சேவைப் படங்கள் 41 இருக்கின்றன. லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு நகல் எடுத்தபிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பத்தா கையில் சர்க்கரைச் செம்போடு நிற்கிற படத்தை இன்றைக்கே பெரிதாக அச்சுப் போடச் சொல்லிவிட்டார்.