டிப்பர் ஹைட்ராலிக் டேங்க்: வாங்கியவர்கள், மாட்டியவர்கள், மாட்டிக்கொண்டவர்கள்

தட்டோன் டிப்பர்:
ஜப்பானிலிருந்து பர்மாவுக்கு வந்த பழைய பத்துச் சக்கர வண்டி. பாடியை நீட்டியதால் அதைத் தூக்கும் ஆயில் ஜாக்கியையும் பெரிதாக மாற்றினோம். கேபினுக்குப் பின்னால் இருந்த பழைய ஆயில் டேங்கே போதும் என்றார் பட்டறைக்காரர். முதல் லோடு ஜல்லி. பாடி ஏறிக்கொண்டே வந்து, ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் ஜாக்கியின் கடைசி அடுக்கு வெளியே வரும் நேரத்தில் நின்றுவிட்டது. பம்பில் கரகரவென்று அரைக்கும் சத்தம். டேங்க் கண்ணாடியில் ஆயிலே தெரியவில்லை.

கூட வந்த ஃபிட்டர் என்ன செய்தார் தெரியுமா? பாடி மேலே நிற்கும்போதே டேங்கை வாய்வரை நிரப்பினார். ஜல்லி கொட்டியது, சரி. பாடியை இறக்கியதும் ஜாக்கிக்குள் இருந்த ஆயில் எல்லாம் திரும்பி வந்தது. போக இடம் ஏது? டேங்குக்குள் காற்று போய்வரும் பிரீதர் மூடி தெறித்து, கேபின் பின் ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்தது. கிளீனர் பையன் கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரச்சாந்தின் மேல் ஆயில் வழிய, கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கோபப்படக்கூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ரங்கூன் பட்டறை:
தம்பி, ஃபிட்டரைத் திட்டி என்ன பயன்? ஜாக்கி மாற்றிய அன்றே கணக்குப் போட்டிருக்க வேண்டும். எங்களிடமும் ஒருவர் 60 லிட்டர் டேங்கோடு வந்து நின்றார், அதே சத்தம். கணக்கைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு அடுக்கின் விட்டத்தையும் தனித்தனியாக அளந்து பரப்பைக் கண்டுபிடித்து, அது நீளும் தூரத்தால் பெருக்க வேண்டும். 17, 15, 13, 11 செ.மீ. என்று நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளும் என்று வையுங்கள். மொத்தம் சுமார் 63 லிட்டர். இது ஜாக்கி குடிக்கும் ஆயில் மட்டும். பாடி முழுதாக ஏறிய பிறகும் பம்புக்கு ஆயில் போகும் சக்‌ஷன் வாய் ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும், அதற்கு ஒரு 12 லிட்டர். சூட்டில் ஆயில் விரியும், மேலே காற்றுக்கும் இடம் வேண்டும். ஆக 85, 90 லிட்டர் டேங்க். லெவல் பார்ப்பதும் ஊற்றுவதும் பாடி கீழே இறங்கி உட்கார்ந்த பிறகுதான்.

அப்புறம், டேங்க் பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். சக்‌ஷன் ஹோஸ் தடியாக, குட்டையாக இருக்கட்டும். ரிட்டர்ன் குழாய் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரைதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு இல்லாத டேங்கை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் வெயிலுக்கு 46 ஆயில் போதும் (எண் கூடினால் ஆயில் கெட்டி).

மோல்மேன் கல்குவாரி:
கணக்கெல்லாம் சரி அண்ணே. மாட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! எங்கள் முதலாளி நல்ல டேங்க்தான் வாங்கினார். வெல்டர் பிராக்கெட்டை நேராகச் சேசிஸிலேயே பற்றவைத்து, டேங்கை ஆடாமல் அசையாமல் இறுக்கிவிட்டார். பாஆன் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலைப் பாதையில் சேசிஸ் முறுக்காமலா இருக்கும்? சேசிஸ் முறுக்க, டேங்க் மறுக்க, மூலைத் தையல் விட்டது. கசிந்த ஆயில் சைலன்சர் குழாயில் பட்டு வெள்ளைப் புகை கிளம்பியது. டிரைவர் எஞ்சின் சூடேறிவிட்டது என்று ரேடியேட்டரை நோக்கி ஓடுகிறார், புகையோ அவருக்குப் பின்னால் வருகிறது.

இப்போது இரும்புப் பட்டை, அடியில் தடி ரப்பர். சேசிஸின் நடுச்சுவரில் மட்டும் போல்ட், மேல் கீழ் மடிப்பில் துளையே கிடையாது. இன்னொன்று: 1970-இல் நாடே சாலையின் வலப்பக்கம் மாறிவிட்டது, ஜப்பான் வண்டியின் ஸ்டியரிங் மட்டும் வலப்பக்கத்திலேயே இருக்கிறது. இடப்பக்கம் எதிரே வருகிறவன் உரசினால் டிரைவருக்கு எட்டிப் பார்க்கவும் முடியாது. சேசிஸ் ஓரத்தில் மாட்டுவதென்றால் டேங்க் வலப்பக்கம்தான்.

பெகு லாரி:
வலப்பக்கம் சைலன்சர் இருந்தால் எங்கே மாட்டுவீர்கள்? வண்டியைப் பார்க்காமல் சட்டம் போடாதீர்கள். ரங்கூன் அண்ணன் 46 என்கிறார். நாள் முழுக்க லோடு அடிக்கிற வண்டிக்குச் சித்திரை வெயிலில் நான் 68தான் ஊற்றுவேன், பம்ப் கம்பெனி புத்தகம் அனுமதித்தால்.

என் கதை சின்னது. போன தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் டேங்கைத் திறந்தோம். உள்ளே டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஆயில்! யாரோ பழைய டீசல் டேங்கை வெட்டி ஒட்டி, உள்ளே சாதாரண பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். பெயின்ட் செதில் செதிலாக உரிந்து சக்‌ஷன் வலையை அடைத்திருந்தது. பிரீதருக்குப் பதில் ஒரு துணி உருண்டை. ஐந்து மாத மழை அதன் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

ரங்கூன் பட்டறை:
68 ஊற்றினால் தை மாசக் காலையில் பம்ப் இழுக்கத் திணறும். சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

மோல்மேன் கல்குவாரி:
திணறட்டும் அண்ணே, ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் சரியாகிவிடும்.

மார்த்தபான் மணல்:
46ஆ 68ஆ என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். டேங்க் அடியில் பம்புக்குப் போகும் வழியில் ஆயிலைத் திறந்து மூடும் ஒரு பால் (ball) வால்வு இருக்குமே, அதை யாராவது பார்த்தீர்களா? எங்கள் வண்டியில் ஹோஸ் மாற்றிய ஆள் அதை மூடியதோடு சாப்பிடப் போய்விட்டார். இரவு டிரைவர் வந்தார், எஞ்சின் ஓட்டத்தைப் பம்புக்குக் கொடுக்கும் பி.டி.ஓ.வைப் போட்டார், பாடி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர். பம்பைத் தொட்ட கை கொப்பளித்துவிட்டது. பிரித்தபோது கியர் பல் எல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. இப்போது வால்வைத் திறந்து கைப்பிடியைக் கழற்றிச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறோம். டேங்க் கழற்றும் அன்று மட்டும் அது வெளியே வரும்.